கேட்ட பாட்டும் கேட்டு வாங்கிய பாட்டும்

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் ஒன்றை ஏற்பதும் கேட்டல். ஒருவரிடம் ஒன்றை வேண்டுவதும் கேட்டல். 'அவன் பாட்டுக் கேட்டான்' என்றால், பாட்டைச் செவிமடுத்தானா, பாட்டு வேண்டும் என்றானா என்பது இடம் நோக்கித்தான் தெளிவாகும். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அச்சொல் செவிவழி அறிவைக் குறிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் அதனை வினா என்னும் பொருளில் வழங்குகிறோம். இந்த இரு கேட்டலும் ஒன்றாய்க் கூடிய ஒரு வழக்கம் நம் நாட்டில் இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது. தாம் விரும்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு இன்னது என்று இசை அன்பர்கள் ஊரறியச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அது. வானொலியில் அதற்கு 'நேயர் விருப்பம்' என்று பெயர். மாணவர்களாகிய உங்களுக்கு அதன் வரலாற்றையும் பயனையும் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வரலாற்றை உவரியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நான் பல ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த பகுதி என்பது ஒன்று. மற்றொரு காரணம் நிலநூல் சார்ந்தது. திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த மீனவர் ஊர் உவரி. கப்பல் வடிவில் எழுந்த மாதா கோயிலையும், அந்தோணியார் திருத்தலத்தையும், சுயம்புலிங்க சுவாமி கோயிலையும் நாடி வெளியூர் மக்கள் வருவர். அவர்களில் எவரேனும் நிலப்படத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்திருப்பார்களோ, அறியேன். நேர்கோட்டில் அளந்தால் உவரியிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 290 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கொழும்போ சுமார் 265 கிலோமீட்டர்தான். சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. நம் திருநெல்வேலி நிலையம் 1963-இல்தான் வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், இக்கரை மக்களுக்கு மிக அண்மையிலிருந்த தமிழ் வானொலி கடலுக்கு அப்பால் இருந்தது.

அண்மை என்பது தொலைவை மட்டும் பொறுத்ததன்று. மத்திய அலைகள் பகலில் தரையை ஒட்டியே செல்வன. வறண்ட மண்ணும் பாறையும் அவ்வலைகளை விரைவில் தளரச் செய்யும். உப்பு நீரோ மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருள். ஆகவே கடற்பரப்பின்மேல் அவை வலுக் குன்றாமல் நெடுந்தூரம் செல்லும். இரவில் இன்னொரு வழியும் திறக்கிறது. பகலில் கதிரவனது கதிர்களால் வானத்தில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற படலம் ஒன்று உருவாகி, மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அப்படலம் கலைந்துவிடும். அலைகள் இன்னும் உயரத்திலுள்ள படலங்களை எட்டி, அங்கிருந்து திரும்பித் தரைக்கு வரும். இத்தகைய படலங்களை ஆராய்ந்த எட்வர்டு ஆப்பிள்டன் என்னும் அறிஞர் 1947-இல் நோபல் பரிசு பெற்றார். உவரிக் கரையில் மணலில் படுத்துக் கிடந்த மீனவருக்கு ஆப்பிள்டன் பெயர் தெரியாது. ஆனால் இருட்டிய பிறகு கொழும்பு 'பக்கத்து வீட்டில் பாடுவதுபோல்' கேட்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இலங்கை வானொலியின் கதை 1925-இல் கொழும்பில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமை தன் வீரர்களுக்காக அங்கே ஒரு வானொலியை நடத்தியது; அதற்காக ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்றும் நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அச்சாதனங்கள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. ஒரு சிறு தீவின் குரல் இந்தியா முழுவதும் கேட்டது. 1967-இல் அந்நிறுவனம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் மாறியபோதும், நம் பக்கத்து மக்கள் 'சிலோன் ரேடியோ' என்றே சொல்லிவந்தார்கள்.

அதே காலத்தில் இந்திய வானொலியில் நிகழ்ந்ததை நீங்கள் அறிய வேண்டும். 1952 முதல் 1962 வரை மைய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். மரபிசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் குறைந்தது. பாடலை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று கருதி, அதனையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் தம் உரிமையை விலக்கிக்கொண்டார்கள். பாட்டு விரும்பிகள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பிக் கொழும்பில் வைத்தார்கள். அவ்வளவுதான்.

கேஸ்கரை இகழ்வது இன்று எளிது; நான் அதற்கு உடன்படேன். தேசிய இசை நிகழ்ச்சி 1952-லும் வானொலி இசை மாநாடு 1954-லும் அவர் காலத்தில் தோன்றியவையே. பெரும் வித்துவான்களின் இசை சபைக்கட்டணம் செலுத்த இயலாதவர் வீட்டுக்கும் அவற்றால் வந்து சேர்ந்தது. நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற அவர் விருப்பத்தில் குறை காண்பதற்கில்லை. கேட்பவனுடைய விருப்பத்தை அதற்குத் தடையாக எண்ணியதில்தான் அவர் வழி தவறினார் என்பது என் கருத்து. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. தெரிந்ததைப் பிடுங்கிவிட்டால் அழைத்துச் செல்வதற்குக் கை கிடைக்காது. அரசும் இதனைப் பிறகு உணர்ந்தது போலும். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் மெல்லிசைக்கும் திரையிசைக்கும் உரிய விவித பாரதி தொடங்கப்பெற்றது. கேஸ்கர் அப்போதும் அமைச்சர்தான்.

இனி நேயர் விருப்பத்துக்கு வருவோம். நான் பள்ளியில் பயின்ற 1970-களில் டிரான்சிஸ்டர் பெட்டி கடற்கரைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்திய வால்வுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அல்லது கனத்த மின்கலம் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு நான்கு சிறு மின்கலங்கள் போதும். ஆனாலும் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980-களில்தான் அம்முறை நீங்கியது. ஆதலால் பெட்டி சிலருடையது, பாட்டு எல்லாருடையது. தேநீர்க்கடைத் திண்ணையிலும், முடிதிருத்தும் கடையிலும், வலை செப்பனிடும் கொட்டகையிலும் பத்துப் பேருக்கு ஒரு பெட்டி. அதே பெட்டியில்தான் மீனவர்க்கான வானிலை எச்சரிக்கையும் வரும். கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் பாட்டை இடையில் நிறுத்திவிட்டு எல்லாரும் அதனைக் கேட்பார்கள். இந்தப் பெட்டியை வெறும் பொழுதுபோக்கு என்று கடற்கரையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார்கள். வேண்டும் பாட்டு, படத்தின் பெயர், பாடியவர் பெயர், பிறகு கேட்போரின் பெயர்கள். எழுத்தறிந்தவர் ஒருவர் எழுத, ஏழெட்டுப் பெயர்கள் அதில் ஏறும். பெட்டி இல்லாதவர் பெயரும் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பெயரையும் பேரன் ஏற்றுவான். நிலையத்தில் அட்டைகளைப் பாட்டு வாரியாகப் பிரித்து அடுக்கிப் பெயர்ப்பட்டியலைத் தொகுப்பார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடும். பெயர்களைப் படித்து முடிக்கவும் சில வேளை ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். பெயர்களை ஏன் இத்தனை நீட்டிப் படிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் பெயர் ஒருநாள் வந்துவிட்டால் அச்சலிப்பு நீங்கிவிடும்.

தன் பெயரை வானத்திலிருந்து ஒருவர் சொல்லக் கேட்கும் ஆசை இதில் பெரும்பங்கு வகித்தது என்பதை மறுக்க இயலாது. இவ்வாசைக்குப் புகழ்பெற்ற ஊர் ஒன்று வடக்கே உண்டு. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் கோடர்மா மாவட்டத்திலுள்ள ஜும்ரி திலையா, அபிரகச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். விவித பாரதிக்கும் இலங்கை வானொலிக்கும் அவ்வூரார் எழுதிக் குவித்த விருப்ப அட்டைகளால் இந்தி பேசும் நாடு முழுவதும் அதன் பெயர் பரவியது. அப்படி ஓர் ஊரே இல்லை, அறிவிப்பாளரின் கற்பனை என்றுகூடப் பலர் நினைத்தார்களாம். போட்டியாளர் எழுதிய அட்டை போய்ச் சேராதவாறு அஞ்சல்காரரைச் சரிக்கட்டிய கதைகளும் அங்கு வழங்குகின்றன. 1952-இன் இறுதியில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி தொடங்கிய 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சியிலும், பாடல்களை வரிசைப்படுத்த இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்கள் அனுப்பிய பட்டியல்களும் கணக்கில் கொள்ளப்பட்டன. ஊர்தோறும் சிலர் கூடி, 'இவ்வாரம் நாம் விரும்பியவை இவை' என்று முடிவுசெய்து எழுதினார்கள். முடிவு செய்வதற்கு முன் விவாதம் நடக்கும் அன்றோ? அந்த விவாதத்தைத்தான் நான் பெரிதென மதிக்கிறேன்.

நம் கரையிலும் அவ்விவாதம் நடந்தது. இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் அறிவிப்பாளர்களாகப் புகழ்பெற்றிருந்தனர். 'பொங்கும் பூம்புனல்' காலையில் வரும். அவர்கள் பாட்டை மட்டும் ஒலிக்கவிட்டுப் போகவில்லை. படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என நால்வகைச் செய்தியையும் திருத்தமான உச்சரிப்பில் சொன்னார்கள். திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வைத்திருந்தவர்கள் அதனோடு ஒத்துப் பார்ப்பார்கள். லகர ளகர ழகர வேறுபாட்டை என் வகுப்பில் கற்றதைக் காட்டிலும் இலங்கை அறிவிப்பாளரிடம் நன்றாகக் கற்ற மாணவர் சிலர் எனக்குப் பிற்காலத்தில் வாய்த்தனர். ஆசிரியன் என்ற முறையில் இதனை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு பாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' என்னும் படம் வந்தது. அதில் எஸ். ஜானகியின் குரலும் நாகசுரமும் ஒன்றோடொன்று போட்டியிடும் பாடல் ஒன்று உண்டு. எழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம், இசை எஸ். எம். சுப்பையா நாயுடு, நாகசுரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சி சேரன்மாதேவிக்கு அருகே, தாமிரபரணிப் பாசனத்தில் செழித்த சிற்றூர். 1921-இல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையிடம் பயின்று பெரும்பெயர் பெற்றவர். 1964-இல் தம் நாற்பத்து மூன்றாம் வயதளவில் மறைந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நேயர் விருப்பத்தில் அப்பாட்டு வராத வாரம் அரிது.

எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடையில் ஒருநாள் அது ஒலித்தபோது, கோயில் திருவிழாக்களில் தவில் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் அருகிலிருந்தார். "தம்பி, இது ஆபேரி. தியாகையருடைய நகுமோமு கேட்டிருக்கியா? அதுவும் இதே ராகம்தான்" என்றார். இளைஞருள் எவரும் கேட்டிருக்கவில்லை. அடுத்து வந்த கச்சேரி ஒலிபரப்புகளில் அதற்காகவே காத்திருந்தவர் இருவரை நான் அறிவேன். ஒருவர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். மற்றவர் உப்பளக் கூலிக்காரர். சங்கீதம் தமக்கு உரியதன்று என்று அதுவரை எண்ணியிருந்தவர்கள். மரபிசைக்குள் அவர்களை அழைத்துச் சென்றது, கேஸ்கர் அஞ்சிய அதே திரைப்பாட்டு; கூடவே, பக்கத்தில் அமர்ந்து கேட்ட ஒரு மனிதர். தனியே கேட்டிருந்தால் ராகத்தின் பெயரைச் சொல்ல ஆளிராது.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. கூட்டம் விரும்பியதே திரும்பத் திரும்ப வரும். புதிய பாட்டு பழைய பாட்டைத் தள்ளும். ஊரில் குரல் ஓங்கியவன் விருப்பமே அட்டையில் ஏறும். பெண்கள் தம் விருப்பத்தைத் தம்பி பெயரிலோ மகன் பெயரிலோ எழுதச் செய்ததும் உண்டு. நாட்டுப்பாடலும் வில்லுப்பாட்டும் விருப்பப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. நெல்லைச் சீமைக்கே உரிய வில்லிசையைத் திருநெல்வேலிக்காரரே அட்டையெழுதிக் கேட்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. கேட்காமலே அம்மன் கொடையில் கிடைத்தது காரணமாகலாம்.

அட்டையில் பெயருக்குப் பின் ஊர் வரும் என்றேனல்லவா? இலங்கை ஒலிபரப்பில் அந்த ஊர்கள் கலந்து வந்தன. யாழ்ப்பாணம், பருத்தித்துறை, திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியா. அவற்றோடு தூத்துக்குடி, திசையன்விளை, உவரி. ஒரே பாட்டுக்காக இருகரையிலும் காத்திருந்த பெயர்கள் ஒரே மூச்சில் படிக்கப்பட்டன. முகமறியாத ஒருவர் பருத்தித்துறையில் தாம் விரும்பிய பாட்டையே விரும்பினார் என்று அறிந்து மகிழ்ந்த இளைஞர்கள் இங்கிருந்தார்கள். பெயரைக் குறித்துவைத்துக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. நட்பு என்று சொல்லத்தக்க அளவில் அது வளர்ந்ததா என்று கேட்டால், சிலரிடம் வளர்ந்தது.

1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்மீது பெருவன்முறை நிகழ்ந்தது. அதன்பின் படகுகளில் மக்கள் இராமேசுவரக் கரைக்கு ஏதிலிகளாய் வந்தார்கள். பாட்டுக்கு முன்னர்ப் படிக்கப்பட்ட ஊர்ப்பெயர்கள் இப்போது செய்தியறிக்கையில், இறந்தோர் எண்ணிக்கையோடு வந்தன. நிலப்படத்தில் அவ்வூர்களைத் தேடிக் காண வேண்டிய தேவை உவரியில் எவருக்கும் இருக்கவில்லை. இளமையில் அட்டை எழுதிவந்த மீனவர் ஒருவர், ஒவ்வொரு செய்தியிலும் ஓர் ஊரின் பெயருக்காகச் செவியைத் தீட்டியிருந்ததை நான் நேரில் கண்டேன். அங்கே அவருக்கு உறவினர் எவருமில்லை. அவருடைய பெயருக்கு அடுத்தாற்போல் ஒருமுறை படிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் வாழ்ந்த ஊர் அது.

பாட்டுக் கேட்பதை அற்பம் என்று எண்ணுகிற பெற்றோரும் ஆசிரியரும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் நீண்ட வாதம் செய்வதில்லை. இந்தச் செய்தியைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

இன்று அஞ்சலட்டை அரிதாகிவிட்டது. கைப்பேசியில் ஒரு பாட்டை மற்றொருவருக்கு அனுப்ப நொடிப்பொழுது போதும்; உலகத்தின் எந்த மூலையில் பாடியதும் உவரிக்கு வந்துசேரும். செவிக்குள் பொருத்தும் சிறு கருவியால் ஒவ்வொருவரும் தமக்குரியதைத் தாமே கேட்கலாம். வசதி பெரிது, அதை நான் குறைகூற மாட்டேன். என் மூத்த மாணவர்கள் வெளிநாட்டுக் கப்பல்களில் பணிபுரியும்போதே அனுப்பும் பாடல்களை நானும் கேட்கிறேன். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்துவருகிறேன். அட்டை எழுதியவர் பாடியவர் யார், எந்தப் படம் என்பதை எழுதியாக வேண்டும். தெரியாவிட்டால் நால்வரைக் கேட்டாவது அறிந்துகொள்வார். இன்று பாட்டு தானே போய்ச்சேர்கிறது. விவரம் அதனோடு சென்றாலும் அதைப் படிப்பவர் சிலரே. இது மட்டுமன்றி, நாம் முன்பு கேட்டதை ஒத்ததையே கருவி மீண்டும் மீண்டும் எடுத்துக் கொடுக்கிறது. ஆபேரியின் பெயரைச் சொல்லத் தேநீர்க்கடைப் பெரியவர் அதற்குள் இல்லை.

ஆகவே ஓய்வுபெற்ற பின்னரும் என்னிடம் வரும் மாணவர்களிடம், "இப்போது என்ன பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று நானே கேட்பதுண்டு. முதலில் வெட்கப்படுவார்கள், தலைமையாசிரியர் கேட்கும் கேள்வியா இது என்று நினைப்பார்கள் போலும். பிறகு கைப்பேசியை எடுத்து ஒலிக்கவிடுவார்கள். சில பாடல்கள் எனக்குப் பிடிக்கும். சிலவற்றில் தாள ஒலி சொல்லை விழுங்கிவிடுகிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். அவர்கள் மறுத்துரைப்பார்கள். கேட்டு முடிந்ததும் மூன்று வினாக்கள் விடுப்பேன். எழுதியவர் யார்? இசையமைத்தவர் யார்? இந்தப் பாட்டை உனக்கு முதலில் சொன்னவர் யார்? முதல் இரண்டுக்கும் விடை தெரியாதவர்கள் மறுநாள் தெரிந்துகொண்டு வருவார்கள். மூன்றாவதற்கு அன்றே சொல்லத் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.